மூன்று துளைகளின் சாட்சியம்
தொலைதூர வேட்டைத் தோட்டாவும் துல்லியக் கணக்கும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், மொன்டானா, வயோமிங், ஐடஹோ பக்கம், மான் வேட்டைக்கு இலையுதிர் காலத்தில் சில வாரங்கள்தான் அனுமதி. அதற்கான ஆயத்தமோ ஆண்டு முழுக்க நடக்கும். கடைத் தோட்டாவை நம்பாமல் பித்தளைக் கூடு, கேப்பு, வெடிமருந்து, குண்டு நான்கையும் தனித்தனியே வாங்கித் தன் ரைஃபிளுக்கென்றே தோட்டா கட்டிக்கொள்பவர்கள் அங்கே ஏராளம். கோடை முழுக்க அவர்கள் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மருந்தின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வோர் எடைக்கும் மூன்று தோட்டா கட்டி, நூறு கெஜத்தில் காகித இலக்கின்மேல் வெடி வைத்துப் பார்ப்பார்கள். எந்த எடையில் மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுகின்றனவோ, அதுவே இந்தத் துப்பாக்கிக்கு உகந்த தோட்டா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையோடு நவம்பரில் மலையேறி, 500, 600 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானைக் குறிவைப்பார்கள். அந்த மூன்று துளைகள் சொல்வதாக நம்பப்படுவதில் பெரும்பகுதியை அவை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் தொலைதூர வெடியின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொன்று. இந்த இரண்டையும் கணக்கோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குண்டைப் பார்ப்போம். இந்தத் துறையில் மெய்யான முன்னேற்றம் நிகழ்ந்தது அங்கேதான். வேட்டைக் குண்டுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வேலைகள். பக்கத்தில் நிற்கும் விலங்கின்மேல் விநாடிக்கு 850, 900 மீட்டர் வேகத்தில் மோதும்போது அது சிதறிப்போகக் கூடாது. தொலைவில் வேகம் இழந்து மோதும்போதோ விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர், தம் குண்டுகள் சேறு படிந்த தடித்த தோலில் பட்டு உடைந்ததைக் கண்டு, நடுவே தடுப்புச் சுவர் கொண்ட செம்பு உறைக்குள் ஈயத்தை இரண்டு அறைகளாக வைத்தார். முன்னறை விரியும், பின்னறை உருக்குலையாமல் உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்த பார்ட்டிஷன் குண்டு இதுதான். இது அந்த முரணைத் தீர்த்ததே தவிர, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம் அதற்கு இல்லை. 1980களில் வில்லியம் டேவிஸ் வகுத்த நீள மூக்கு வடிவத்தை வால்ட் பெர்கரின் நிறுவனம் பெயர் பெறச் செய்தது. காகித இலக்கைத் துளைக்கப் பிறந்த அந்த வடிவம் பிறகு வேட்டைக்கும் வந்தது. நாஸ்லர் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் குண்டில் ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்டது, நுனியில் பாலிமர் முனை வைக்கப்பட்டது. விநாடிக்கு 1300 அடி, அதாவது ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்திலும் அது விரியும் என்று நிறுவனம் அறிவித்தது. 2015இல் குண்டு தயாரிக்கும் ஹார்னடி நிறுவனம் இன்னொரு செய்தி சொன்னது. டாப்ளர் ரேடாரில் குண்டின் பறப்பைத் தொடர்ந்து பார்த்தபோது, காற்றின் உராய்வுச் சூட்டில் பழைய பாலிமர் முனைகள் நடுவழியிலேயே உருக்குலைந்து குண்டின் காற்றுத்தடையைக் கூட்டிவிடுகின்றன என்றது. சூடு தாங்கும் முனையோடு அந்நிறுவனத்தின் ஈஎல்டி-எக்ஸ் குண்டு வந்தது. அதுவரை குண்டுப் பெட்டியின் அட்டையில் அச்சிட்ட பறப்பு எண்களை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தொலைதூர அட்டவணை போட்டவர்களை நினைத்தால் சற்றே சிரிப்பு வரும். அந்த எண்களில் பல, தட்டையான அடியும் மொட்டை மூக்கும் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு எறிபொருள் ஒன்றை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டவை. ஒல்லியான இன்றைய குண்டுக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை.

நீளமான குண்டுக்குக் குழலுக்குள் வேகமான சுழற்சி வேண்டும். சுழற்சி போதாவிட்டால் அது சாயத் தொடங்கும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய .30-06 குழலில் அன்றைய குண்டுகள் நன்றாகப் பறந்தன. 2007இல் ஹார்னடி வெளியிட்ட 6.5 கிரீட்மூர் தோட்டா, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை வேட்டைத் துப்பாக்கிகளிலும் வழக்கமாக்கியது. கலிஃபோர்னியாவில் கான்டோர் கழுகுகளைக் காக்க 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டு முற்றாகத் தடைசெய்யப்பட்டபின் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிவிட்டது. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது. அதே எடைக்கு இன்னும் நீளமான குண்டு தேவைப்படுகிறது. ஆகவே குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம் பார்ப்பதே முதல் வேலை. இங்கே தவறியவரை மருந்தின் எடையை எத்தனை முறை மாற்றினாலும் காப்பாற்ற முடியாது.

இனி அந்த மூன்று துளைகளுக்கு வருவோம். துல்லியத்தை இத்துறையினர் கோணத்தால் அளப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தமிழ் வானநூலில் நாம் கலை என்று சொல்வது, 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் அகலம். 500 மீட்டரில் 145 மில்லிமீட்டர். ஒரு கலைக்குள் வெடி விழுந்தால் நல்ல துப்பாக்கி, அரைக் கலைக்குள் விழுந்தால் பெருமை பேசத்தக்க துப்பாக்கி என்பது வேட்டைக்காரர் வழக்கு. ஆனால் எத்தனை வெடிக்கு அரைக் கலை? வழக்கில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஒரு துப்பாக்கியின் குண்டுகள் நடுப்புள்ளியைச் சுற்றி இயல்நிலைப் பரவலில் சிதறுகின்றன என்று கொண்டால், மிக விலகிய இரு துளைகளுக்கு இடையிலான தூரம் வெடிகளின் எண்ணிக்கையோடு கூடிக்கொண்டே போகும். மூன்று வெடிக்குச் சராசரியாக ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, அதே தோட்டாவோடு ஐந்து வெடிக்கு ஒன்றேகால் அங்குலமும் பத்து வெடிக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலும் காட்டும். முப்பது வெடியில் இரண்டு அங்குலத்தை நெருங்கிவிடும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை; முதல் மூன்று துளைகள் அதன் உண்மைச் சிதறலில் பாதியைத்தான் காட்டியிருந்தன.

இதைவிடப் பெரிய கோளாறு மூன்று வெடிக் கணக்கின் தள்ளாட்டம். தோட்டாவிலோ துப்பாக்கியிலோ எதையும் மாற்றாமல் மூன்று மூன்றாக வெடி வைத்துக்கொண்டே போனால், அந்த அகலங்களின் திட்டவிலக்கம் சராசரியில் 37 விழுக்காடு வரும். ஒருவர் பத்து வெவ்வேறு மருந்து எடைகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம்; உண்மையில் அந்தப் பத்துக்கும் இடையே எள்ளளவு வேறுபாடும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தில் மிகச் சிறியது சராசரியில் பாதிக்குச் சற்றுக் கீழும், மிகப் பெரியது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலும் விழும் என்று எதிர்பார்க்கலாம். அதாவது ஒரே தோட்டா தன்னோடு தானே போட்டியிட்டு, மூன்று மடங்கு வேறுபாடு காட்டிவிடும். மேசையில் பத்துக் காகிதத்தையும் பரப்பிவைத்துப் பார்ப்பவருக்கு அதில் ஒரு வடிவம் தெரியும்: இங்கே சுருங்குகிறது, அங்கே விரிகிறது, மறுபடி சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும், ஒரு விளக்கமும் கிடைக்கும். பிறகு கோடை முழுக்க அதைச் சுற்றியே வேலை நடக்கும். மேகத்தில் யானையைக் கண்ட குழந்தையிடம் அது யானை இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இவரிடம் பேசுவதும்.

வேகத்தை அளப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஐந்து வெடியின் வேகத்தை வேகமானியில் பதிந்து, திட்டவிலக்கம் விநாடிக்கு 10 அடி என்று கண்டால் மகிழ்ச்சி. ஆனால் ஐந்தே அளவுகளிலிருந்து கணக்கிட்ட அந்த 10, 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லவேண்டுமானால் 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். பத்து வெடி வைத்தால் 7 முதல் 18 வரை. முப்பது வெடி வைத்தால்தான் 8 முதல் 13 வரை என்று அது ஓரளவு அடங்கும். ஏணிச் சோதனை என்று ஒன்று உண்டு. கிரைட்டன் ஆடெட் என்ற அமெரிக்கப் போட்டிச் சுடுநர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. ஒவ்வோர் எடைக்கும் ஒரே ஒரு வெடி வைத்து, எங்கே துளைகள் உயரம் மாறாமல் அண்டி விழுகின்றன என்று பார்ப்பது. அதன் இன்றைய வடிவத்தில் உயரத்துக்குப் பதில் வேகத்தைப் பார்க்கிறார்கள். எடையைக் கூட்டியும் வேகம் கூடாத சமதளம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் வேகம் 20 அடி கூடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெடியும் தன்னியல்பில் 10 அடி முன்பின் போகும். அடுத்தடுத்த இரு வெடிகளின் வேறுபாடு தன்னியல்பிலேயே 14 அடி ஆடும் என்பதால், இருபது அடி ஏற்றம் சில படிகளில் தானே மறைந்துபோகும். சமதளம் என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் இதுதான். அதே ஏணியை மறுநாள் அதே எடைகளோடு மீண்டும் ஏறிப்பார்த்தால் சமதளம் வேறிடத்துக்குப் போயிருக்கும். அப்படி மீண்டும் ஏறிப்பார்ப்பவர்கள் குறைவு.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, குழல் அதிர்கிறது என்பது கற்பனை இல்லை. லீ-என்ஃபீல்டு துப்பாக்கி குறுந்தூரத்தில் சுமாராகவும் நெடுந்தூரத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் சுடுவதை பிரிட்டிஷ் சுடுநர்கள் நூறாண்டுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். குழலின் முனை மேல்நோக்கி எழும் கணத்தில் மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் வெளியேறுவதால், குறிப்பிட்ட தூரத்தில் வேக வேறுபாடு தானே சரிக்கட்டப்படுகிறது என்பது அதற்கான விளக்கம். ஆக, உகந்த எடை என்ற ஒன்று இயற்பியலுக்கு விரோதமானதல்ல. ஒன்று இருக்கக்கூடும் என்பதும், மூன்று வெடியில் அதைக் கண்டுபிடிக்கலாம் என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவதை ஒப்புக்கொண்டாலும் இரண்டாவது நிறுவப்படுவதில்லை. இரண்டாவது மறுப்பு, மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் மருந்தைக் கூட்டிக் குறைத்துத்தானே வெல்கிறார்கள் என்பது. அவர்கள் கையிலிருப்பது தடித்த குழலும் அசையாத தாங்கியும் கொண்ட கருவி. அதன் தன்னியல்புச் சிதறலே மிகச் சிறியது என்பதால் சிறு மாற்றமும் அதில் தெரிய வாய்ப்புண்டு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வெடி வைக்கிறார்கள். ஒரு நாள் கண்ட முடிவு மறுவாரம் பொய்த்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தோளில் சுமந்து மலையேறுவதற்காக இழைத்துச் செய்த மூன்றரைக் கிலோ துப்பாக்கிக்கு அவர்கள் முறையைக் கடன் வாங்குவது, நகைத் தராசுப் பழக்கத்தை விறகுக்கடைக்குக் கொண்டுபோவது போன்றது.

மூன்றாவது மறுப்பு வேட்டைக்காரருடையது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். நான் மானின்மேல் ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு வெடி வைப்பேன், எனக்கு எதற்கு முப்பது வெடிக் கணக்கு என்பது. ஆனால் அந்த ஒரு வெடி எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் முப்பது தேவைப்படுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், அவர் கேள்விக்கே உரிய விடை ஒன்று உண்டு. ஆறிய குழலோடு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெடி, ஒரே காகிதத்தின்மேல், இருபது நாள். வேட்டையில் நிகழப்போவதை இதைவிட ஒத்த சோதனை வேறில்லை. செலவும் இருபது தோட்டாதான். நான்காவது மறுப்பு செலவைப் பற்றியது. மேக்னம் குழல் ஆயிரத்துச் சொச்சம் வெடியில் தேய்ந்துவிடும், ஒவ்வோர் எடைக்கும் முப்பது வைத்தால் சோதனையிலேயே குழல் முடிந்துபோகும் என்கிறார்கள். உண்மைதான். அதனால் குறைக்கவேண்டியது சோதிக்கும் எடைகளை. வெடிகளைக் குறைத்தால் மிஞ்சுவது வெறும் எண்தான். பத்து எடைக்கு மூன்று வெடி என்பதற்குப் பதில், இரண்டு எடைக்குப் பதினைந்து வெடி. சிறு சிறு தொகுதிகளாகச் சுட்டாலும் ஒரே குறிப்புள்ளியை வைத்து எல்லாத் துளைகளையும் ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஓரத் துளைகள் இரண்டை மட்டும் அளக்காமல், நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் சராசரி பார்த்தால் வைத்த வெடி எதுவும் வீணாகாது. இந்தச் சிக்கனமான முறையிலும் அடக்கம் தேவை. இரண்டு தோட்டாக்களுக்கும் முப்பது முப்பது வெடி வைத்தால்கூட, அவற்றுக்கிடையே கால் பங்குக்குக் குறைவான வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. மருத்துவம் படித்த ஃபிராங்க்ளின் மான் என்பவர் பல பத்தாண்டுகளை இந்த ஒரே கேள்விக்குக் கொடுத்து, 1909இல் குண்டின் பறப்பைப் பற்றி ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். தோளும் கண்ணும் செய்யும் பிழைகளை நீக்கவே அவர் கல்லும் சிமென்டுமாக ஒரு தாங்கியைக் கட்டி, அதற்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரை வைத்து, குழலை மட்டும் அதில் கிடத்திச் சுட்டார். அப்போதும் சிதறல் மிஞ்சியது; காரணங்களில் கணிசமான பங்கு குண்டின் சமச்சீரின்மையில் இருப்பதை அவர் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரின் ஒரு கிடங்குக்குள், காற்றே புகாத நூறு கெஜத் தளத்தில் சிலர் இரவு இரவாகச் சுட்டுப் பார்த்தார்கள். காற்று என்ற சாக்கு இல்லாதபோது பெரும்பாலான துப்பாக்கிகளின் குறை அம்பலமானது. தேறியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2022இல் ஹார்னடியின் பொறியாளர்களே முன்வந்து, வேட்டைக்காரர்கள் நம்பும் வெடித் தொகுதிகள் மிகச் சிறியவை, இருபது முப்பது வெடி இல்லாமல் எந்தத் தோட்டாவையும் மற்றொன்றைவிட மேல் என்று சொல்லாதீர்கள் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். குண்டு விற்கும் நிறுவனத்துக்கு இதில் ஆதாயம் இருக்கிறதே, முப்பது வெடி வைத்தால் முப்பது குண்டு விற்குமே என்று கேட்கலாம். கேட்டார்கள். அதற்கு விடை, இந்தக் கணக்கு அவர்களுடையது அல்ல என்பதுதான். புள்ளியியல் பாடநூலைத் திறந்த எவரும் போட்டுப்பார்க்கக்கூடியது.

அப்படியானால் கையால் தோட்டா கட்டுவதே வீண் என்று முடிவுகட்டலாமா? கூடாது. பயன் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல குழலும் நல்ல குண்டும் கிடைத்தால் சிதறலில் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்குமேல் குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது, குறிப்பாக பெர்கர் வகை நீள மூக்குக் குண்டுகளில், மருந்தின் எடையைவிடத் தெளிவான வேறுபாட்டைக் காட்டக்கூடியது. கூட்டிலிருந்து விடுபட்டுக் குழலின் உட்புரியைத் தொடும்வரை குண்டு தாவும் தூரத்தை அந்த ஆழமே தீர்மானிக்கிறது. அதையும் நூலளவு நூலளவாக மாற்றிக்கொண்டிருக்காமல், எட்ட எட்ட வைத்த சில நிலைகளில் போதிய வெடியோடு பார்ப்பதே முறை. மருந்தைத் தேர்வதில் இன்னொரு நடைமுறைக் காரணம் அடிக்கடி மறந்துபோகிறது. ஜூலை வெயிலில் முப்பத்தைந்து டிகிரியில் கட்டிச் சோதித்த தோட்டா, நவம்பரில் உறைபனியில் வெடிக்கவேண்டும். சில மருந்துகளின் வேகம் தட்பவெப்பத்தோடு கணிசமாக மாறும். ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் பெயரில் விற்கும் சில மருந்துகள் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். அவை அதிகம் மாறுவதில்லை. வேட்டைத் தோட்டாவுக்கு மருந்து தேடுகிறவர் இதை முதலில் பார்க்கவேண்டும். மூன்று துளை நெருக்கம் பிறகு. கையேட்டில் அச்சிட்ட உச்ச எடையைப் பற்றி ஒரு சொல்: அது அழுத்தத்தின் எல்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் நெருங்கி விழும் என்ற ஆசைக்குக் கூட்டின் அடி பிதுங்குவதும் போல்ட் இறுகுவதும்தான் பதில். முகத்துக்கு அரை அடியில் நடக்கும் காரியம் அது.

இப்போது கட்டுரையின் நடுநாயகமான கணக்குக்கு வருவோம். சிதறலைப் பாதியாகக் குறைப்பதில் ஒருவர் வென்றே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். மானுக்கு என்ன மாறுகிறது? நெஞ்சறையில் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் இலக்கு. தூரம் 500 மீட்டர். நல்ல தொலைதூரக் குண்டு, விநாடிக்கு 880 மீட்டர் தொடக்க வேகம். குண்டு அங்கே போய்ச்சேர விநாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆகும். குறுக்கே வீசும் காற்றை விநாடிக்கு 1 மீட்டர் தப்பாக மதிப்பிட்டால், குண்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விலகும். விநாடிக்கு 1 மீட்டர் என்பது கன்னத்தில் படுவதே சரியாகத் தெரியாத இளங்காற்று. பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு வேகமும் எதிர்ச்சரிவில் இன்னொரு வேகமுமாக வீசும் இடத்தில் அந்த அளவுக்குள் மதிப்பிடுவதே திறமை. தோட்டாக்களிடையே விநாடிக்கு 10 அடி வேக வேறுபாடு இருந்தால், அதே தூரத்தில் மேலும் கீழுமான விலகல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கோடை முழுக்க எதோடு போராடினார், எதை விட்டுவிட்டார் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். காற்று மதிப்பீட்டின் திட்டவிலக்கம் விநாடிக்கு 1 மீட்டர், தூரமும் வேகமும் சேர்ந்து செய்யும் செங்குத்துப் பிழை 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஐந்து வெடிக்குச் சராசரி ஒரு கலை காட்டும் துப்பாக்கி அந்த வட்டத்துக்குள் குண்டு போடும் நிகழ்தகவு ஏறத்தாழ 67 விழுக்காடு. அரைக் கலைத் துப்பாக்கி 75 விழுக்காடு. பல கோடைகளும் பல நூறு டாலர்களும் தந்த பரிசு எட்டு விழுக்காடு. துப்பாக்கியை ஒரு கலையிலேயே விட்டுவிட்டு, காற்றை மதிப்பிடும் பிழையைப் பாதியாக்கினால் அதே நிகழ்தகவு 86 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. துப்பாக்கியையும் மாற்றாமல், காற்றுப் பயிற்சியும் செய்யாமல், இருநூறு மீட்டர் முன்னே நடந்து 300 மீட்டரிலிருந்து சுட்டால்? 99 விழுக்காடு. பிரையன் லிட்ஸ் போன்ற எறியியலாளர்கள் விரிவான கணினிக் கணக்குகளில் சொல்லிவருவதும் இந்தத் திசையில்தான்: தூரம் கூடக்கூடப் பங்கு முழுவதையும் காற்று எடுத்துக்கொள்கிறது, துப்பாக்கியின் சிதறல் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. மான் நகர்வதை இதில் சேர்க்கவே இல்லை. மேய்ந்துகொண்டே ஓரடி எடுத்துவைத்தால் போதும். விசை இழுத்தபின் அந்த மூன்றில் இரண்டு பங்கு விநாடியில் நெஞ்சறை இருந்த இடத்தில் வயிறு வந்துவிடும். அதைச் சரிசெய்யும் தோட்டாவை எந்த மேசையிலும் கட்ட முடியாது.

இங்கே நியாயம் பற்றிய கேள்வி தானாக வந்து சேர்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர வழியே இல்லாத தூரத்திலிருந்து சுடுவது நியாய வேட்டை ஆகாது என்று அறிவித்திருக்கிறது. தொலைதூர வேட்டைக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில், திறமையற்றவன் நூறு மீட்டரிலும் காயப்படுத்துவான், திறமையுள்ளவன் அறுநூறிலும் சுத்தமாக வீழ்த்துவான் என்பது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு மேலே உள்ள எண்கள் இடம் கொடுக்கவில்லை. சராசரியைவிட இருமடங்கு நன்றாகக் காற்றைப் படிப்பவருக்கும், 500 மீட்டரிலேயே ஏழு வெடியில் ஒன்று வட்டத்துக்கு வெளியே போகிறது. காகிதத்தில் அது ஒரு துளை தள்ளி விழுந்தது என்பதோடு முடிந்துபோகும். மலையில் உடைந்த காலோடு ஓடும் விலங்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டையே கிடையாது என்பதால், தமிழ் வாசகருக்கு இது அயலூர் வழக்காகப் படலாம். வேட்டை என்றதும் நமக்கு நினைவு வரும் ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் பெரும்பாலும் விலங்கின் மூச்சுக் கேட்கும் தூரத்தில் இருந்தவர்கள். ஆனால் சிறு மாதிரியை வைத்துக்கொண்டு பெரிய முடிவு கட்டும் பழக்கத்துக்கு எந்த நாட்டிலும் தடைச் சட்டம் இல்லை.

அமெரிக்க ரைஃபிள்மேன் இதழ் துப்பாக்கிகளைச் சோதிக்கும்போது ஐந்து வெடித் தொகுதிகள் ஐந்தை அடுத்தடுத்துச் சுட்டு, எதையும் விலக்காமல் சராசரியை அச்சிடும் வழக்கம் வைத்திருக்கிறது. இருபத்தைந்து வெடி, எண்ணிக்கையும் தூரமும் வெளிப்படை. மற்ற இதழ்களும் குண்டு விற்பவர்களும் அந்த ஒழுங்குக்காவது வரவேண்டும். அதுவரை, அரைக் கலைத் துப்பாக்கி என்று அச்சில் கண்டால் பக்கத்தில் வெடிகளின் எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.